நாமக்காரனுக்குப் பசியாற்றிய எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் எங்கள் அக்காவை அவருடைய சொந்தப் பெயரால் அறிந்திருக்க மாட்டீர்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் பாசாரில் அவர் 'குதிரைக்காரம்மா'. தீவனக் கடையில் அவர் 'மக்சிக் குடா', அதாவது குதிரை அத்தை. உடன்பிறந்த எங்களுக்கு அவர் அக்கா. அவர் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், வீட்டின் கடைக்குட்டி என்ற உரிமையில் அவர் வாழ்ந்த விதத்தை உங்கள் முன் வைக்கிறேன். தங்கை எழுதுவதால் சில இடங்களில் பாசம் மிகுந்துவிட்டால் பொறுத்தருளுங்கள்.

அக்கா பிறந்தது பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பா கித்தா மரம் சீவினார். அம்மா புல் பிடுங்கும் கும்பலில் வேலை செய்தார். விடியும் முன்பே இருவரும் வேலைக்குப் போய்விட, அண்ணனுக்கும் எனக்கும் பசியாறக் கொடுத்து, தலை வாரி, பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்த மாடுகளுக்குப் புல் அறுப்பதும் அவர் பொறுப்பு. கோரைப் புல்லையும் பால் கட்டும் புல்லையும் தொட்டுப் பார்த்தே பிரிப்பார். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டு தொழிற்சாலை பஸ் ஏறினார். நான் பரீட்சை எழுதி அரசாங்க அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததற்குப் பின்னால் அந்த பஸ் இருக்கிறது.

அத்தான் நகரத்தில் பணக்காரர்களின் குதிரைகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை செய்தார். "ஒங்க அக்கா லயத்துல பொறந்து லாயத்துக்கு வாக்கப்பட்டவ. எழுத்துல ஒரு காலுதான் வித்தியாசம்" என்று எங்களைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அதைப் பற்றி அக்கா ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

அத்தான் ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு முதலாளி குடும்பத்தோடு வெளிநாடு போனார். பந்தயத்தில் ஓடிக் கால் கெட்டுப்போன அவருடைய குதிரையை யாரும் வாங்கவில்லை. அத்தானிடமே கொடுத்துவிட்டார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் இருந்து மூக்கு வரை நேராக ஒரு வெள்ளைக் கோடு. அத்தான் அதற்கு வைத்த பெயர் நாமக்காரன். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு வெளியே, முன்பு ஈயம் தோண்டிய நிலத்தில், ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து, பக்கத்தில் கொட்டகை போட்டு, லோரியில் குதிரையைக் கொண்டு வந்து இறக்கினார். ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வெள்ளை மணல் திட்டு, நடுவில் அந்த வீடு. கண்ணுக்கு எட்டிய தூரத்தில், எதிரே, மலாய் மக்சிக் ஒருவரின் வீடு மட்டும் இருந்தது.

அங்கே குடிபோய் ஓராண்டு ஆவதற்குள் அத்தான் மாரடைப்பில் காலமானார். இழவு வீட்டிலேயே யாரோ சொன்னார்கள்: "போனவரு நம்ம பிள்ளைக்கு நல்லா நாமம் போட்டுட்டுப் போயிட்டாரு." சிலர் சிரித்தார்கள். அக்கா அதைக் கேட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

கருமாதி முடிந்ததும் அண்ணன் பேச்சைத் தொடங்கினார். "அதை யாருக்காச்சும் குடுத்துட்டு எங்க வீட்டுக்கு வந்துடுங்கக்கா. தனியா இந்தக் காட்டுல எப்படி இருப்பீங்க?"

"யாரு வாங்குவா? நொண்டிக் குதிரய வாங்கறவன் எதுக்கு வாங்குவான்னு எனக்குத் தெரியாதா லா?" என்றார் அக்கா. "இருக்கட்டும். அது இருக்கற வரைக்கும் நான் இங்கயே இருந்துக்கறேன்."

அந்த முடிவை அவர் பிறகு மாற்றிக்கொள்ளவே இல்லை.

உண்மையில் அதுவரை அக்கா நாமக்காரனுக்கு ஒரு கைப்பிடி தீனிகூட வைத்ததில்லை. எல்லாவற்றையும் அத்தானே பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு குதிரை இளைக்கத் தொடங்கியது. முதுகுத் தண்டு மேலே தெரிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வைத்தியர் ஆனார்கள். தவிடு போடு என்றார் ஒருவர். ரொட்டிக் கடையில் மிஞ்சியதைக் கொடு என்றார் இன்னொருவர். 'கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்' என்று பழமொழி சொல்லியே ஆளாளுக்குக் கொள்ளு வாங்கி வந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். கொள்ளு, தவிடு, செம்பனைப் புண்ணாக்கு என்று வாளி நிறையக் கலந்து காலையும் மாலையும் வைத்தார். நாமக்காரன் வாளியை நக்கித் துடைத்தான். மீதி நேரம் மணல் திட்டில் முளைத்திருந்த குட்டைப் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அங்கே இருந்தபோது அவன் தீனியைத் தொடவில்லை. முன்னங்காலால் தரையைக் கீறினான். திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தான். பிறகு படுத்துப் புரளத் தொடங்கினான். அவ்வளவு பெரிய உடம்பு வலியில் புரளுவதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. குதிரை டாக்டரின் எண்ணை அத்தான் கொட்டகைச் சுவரில் சாயத்தால் எழுதி வைத்திருந்தார். அக்கா அந்த எண்ணை அழுத்தினார்.

டாக்டர் இளம் வயது மலாய்ப் பெண்மணி. தாம் வந்து சேரும் வரை அவனைப் படுக்க விடாமல் நடத்தச் சொன்னார். வெயிலில் அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். டாக்டர் வந்து ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி மருந்து ஊற்றினார். சாயங்காலம் குதிரை லத்தி போட்டது. டாக்டர் அதில் கொஞ்சம் எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கித் தொங்கவிட்டார். சற்று நேரத்தில் பையின் அடியில் வெள்ளை மணல் படிந்தது.

"இது அவன் வயித்துக்குள்ள இருந்ததா?" என்று அக்கா மலாயில் கேட்டார்.

டாக்டர் கோபப்படவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பொறுமையாக எடுத்துச் சொன்னார். குதிரையின் இரைப்பை உடம்புக்குச் சிறியது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கப் படைக்கப்பட்ட பிராணி அது. புல்தான் அதற்குச் சாப்பாடு; தானியமெல்லாம் தொடுகறி மாதிரி. சாப்பாட்டைக் குறைத்துத் தொடுகறியை அள்ளி வைத்தால் வயிறு கெடும். தீனியை மாற்ற வேண்டுமானால் சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். இந்த நிலத்தில் தரையில் எதையும் போடக் கூடாது. ரப்பர் பாயின் மேல் வைக்க வேண்டும். நம் ஊர்ப் புல் சிலவற்றில் உள்ள பொருள் ஒன்று சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவிடும். தவிட்டையும் அதிகமாகப் போட்டால் எலும்பு இன்னும் பலவீனமாகும். அதனால் லூசர்ன் என்ற காய்ந்த தழையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எப்போதும் உப்புக் கட்டி, எப்போதும் நல்ல தண்ணீர்.

அக்கா ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்லி மனத்தில் இருத்திக்கொண்டார். அன்று முதல் அவருடைய வாழ்க்கை நாமக்காரனின் வயிற்றைச் சுற்றியே அமைந்தது. விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கால்வாய் ஓரத்தில் தாமே நட்டு வளர்த்த நேப்பியர் புல்லை அறுத்து வருவார். தோட்ட ஓரத்துப் புல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் தொட மாட்டார். அங்கே களைமருந்து அடிப்பார்கள். காலையில் ஒரு கட்டு, வெயில் ஏறியதும் ஒரு கட்டு, மதியம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று நாள் முழுக்க உதறி உதறிப் போடுவார். நாமக்காரனின் முதுகில் சதை ஏறியது. தோல் மின்னியது. டாக்டர் வந்து தடவிப் பார்த்து "பாகுஸ், மக்சிக்" என்று பாராட்டிய அன்று அக்கா எனக்குத் தொலைபேசியில் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த அக்காதான் தம் பசிக்கு ஒரு துண்டு ரொட்டியைத் தே ஓ என்னும் பால் கலக்காத தேநீரில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்துவிடுவார். "ஒரு ஆளுக்கு ஒல வைக்கணுமாக்கும்?" என்பார். நான் கொண்டு போகும் குழம்பு அடுத்த வாரமும் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும்.

அடிக்கடி தீனி வைக்க வேண்டிய குதிரையைத் தனியாக வைத்திருப்பவர் எங்கும் தங்க முடியாது. கிள்ளானில் என் மகளின் திருமணம் நடந்தபோது அக்கா விடியலிலேயே வந்தார். தாலி ஏறியதும் அட்சதை தூவி, பெண்ணின் தலையைத் தடவி, கிளம்பிவிட்டார்.

சம்பந்தி அம்மா என்னிடம் கேட்டார்: "பொண்ணோட பெரியம்மா பந்தியில ஒக்காரவே இல்லையே. எங்க மேல ஏதும் வருத்தமா?"

நான் வாசல் வரை ஓடினேன். "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்கக்கா."

"அங்க ஒருத்தன் வெறும் வயித்தோட நிக்கிறான்மா. நீ போயி வந்தவங்கள கவனி" என்று சொல்லி வாசலில் நின்ற வாடகைக் காடியில் ஏறினார். பட்டுப் புடவையின் கொசுவத்தை அள்ளிப் பிடித்தபடி அவர் அவசரமாக ஏறியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்படியே பல வீட்டு விசேஷங்கள். முதலில் நேரில் வந்து அழைத்தவர்கள் பிறகு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினார்கள். அப்புறம் அதுவும் நின்றது. யார் மீதும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வர முடியாதவரை எத்தனை முறைதான் அழைப்பது?

கோயில் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பலர் அதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஓர் ஆண்டு திருவிழாவில் இரதத்துக்கு முன்னால் குதிரை நடந்தால் அழகாக இருக்கும் என்று கோயில் தலைவர் நேரில் வந்து கேட்டார். நீண்ட காலத்துக்குப் பிறகு ஒருவர் வீடு தேடி வந்து ஒன்று கேட்கிறார் என்பதில் அக்காவுக்குப் பெரிய சந்தோஷம். உடனே சம்மதித்தார். நாமக்காரனைக் குளிப்பாட்டி, கழுத்தில் மாலை போட்டு, தாமே கயிற்றைப் பிடித்து நடந்தார். ஊரே அவனைத் தொட்டுக் கும்பிட்டது. சர்க்கரைப் பொங்கல், லட்டு, வாழைப்பழம் என்று அன்போடு ஊட்டியது. "வேணாம்மா, வேணாங்கய்யா, அவனுக்கு ஆவாது" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். மேளச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை.

திருவிழா முடிந்த இரண்டாம் நாள் அவனால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. குளம்பு கொதித்தது. முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்தபடியே நின்றான். ஒரேயடியாக உள்ளே போன இனிப்பும் மாவும் குடலைக் கெடுத்து, அதன் நஞ்சு குளம்பில் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். பிழைப்பானா என்பதே சில நாள் தெரியவில்லை. கொட்டகைத் தரை முழுக்க மரத்தூளை மெத்தைபோல் பரப்பி, ஊறவைத்து இனிப்பை இறக்கிய காய்ந்த புல்லை மட்டும் கொடுத்து, ஐஸ் கட்டிகளைக் குளம்பில் கட்டி, பல வாரம் அக்கா அவனோடு போராடினார். எழுந்தான்.

அடுத்த ஆண்டு கோயிலார் கேட்டபோது அக்கா மறுத்தார். வேலியில் 'குதிரைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள்' என்று தமிழிலும் மலாயிலும் பலகை தொங்கவிட்டார். "சாமிக்குப் படைச்சதயே வேணாங்குது அந்தம்மா" என்று பேச்சு பரவியது. பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அக்கா மட்டும் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. அன்னதானத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்து இலை காலியாகவே இருக்க, சாப்பிட்டு வருவார். ஒருமுறை நானும் உடன் இருந்தேன். "விடு. அவங்களுக்குப் பாசம். அவனுக்கு வயிறு. ரெண்டுக்கும் ஒத்துப் போவல" என்றார்.

பிந்திய ஆண்டுகளில் நாமக்காரன் தின்னும் வேகம் குறைந்தது. குதிரை கூட்டமாக வாழும் பிராணி, தனியே நின்றால் தீனியில் மனம் செல்லாது, ஒரு துணை வேண்டும் என்றார் டாக்டர். இன்னொரு குதிரைக்கு வழி இல்லை. ஓர் ஆடு வாங்கிக் கட்டிப் பார்த்தார். அவன் அதை விரட்டிவிட்டான். கடைசியில் அக்கா தம் நாற்காலியைக் கொட்டகைக்குள் கொண்டு போய்ப் போட்டுக்கொண்டார். அவன் புல்லைக் கடிக்க, பக்கத்தில் அவர் ரொட்டியைக் கடித்தார். நான் சொல்லாமல் போய் நின்ற ஒரு நாள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மென்றுகொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழையாமல் சிறிது நேரம் வெளியிலேயே நின்றேன்.

வயது ஏற ஏற அவன் பற்கள் தேய்ந்தன. மென்ற புல்லை விழுங்க முடியாமல் உருண்டை உருண்டையாகத் துப்பினான். டாக்டர் பல்லை அராவிச் சமன் செய்தார். அப்படியும் நீளப் புல் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ந்த லூசர்ன் கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கஞ்சிப் பதத்தில் கொடுக்கத் தொடங்கினார் அக்கா. ஊற நேரம் பிடிக்கும். அந்த வாளிகளுக்குள் அவருடைய நாள் முழுவதும் ஊறியது.

அக்காவின் சிறுநீரகம் பழுதான செய்தி எங்களுக்குத் தாமதமாகவே வந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது உடம்பில் எடையே இல்லை. தாதி சாப்பாட்டுத் தட்டை வைத்தால் "வெளியில ஒருத்தன் சாப்டணும்" என்று முணுமுணுப்பார். எதிர் வீட்டு மக்சிக்தான் குதிரையைப் பார்த்துக்கொண்டார். நான் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக் காலையில் கொட்டகைக்கும் பிறகு மருத்துவமனைக்குமாக ஓடினேன். நான் கொட்டகையில் இருக்கும் நேரத்தில் படுக்கையில் இருந்தபடியே அக்கா எனக்குக் குரல் பதிவுகள் அனுப்புவார்.

"தங்கச்சி, வாளிய கழுவிட்டுத்தான் ஊற வைக்கணும். நேத்துப் புளிச்சது இருந்தா வயித்த வலிக்கும். வெதுவெதுன்னு இருந்தா போதும். ஒரே தடவயா வைக்காத, பிரிச்சிப் பிரிச்சி வையி. அவன் முடிக்கற வரைக்கும் அங்கயே ஒக்காந்திரு. ஃபோன நோண்டிக்கிட்டு ஒக்காராத, அவனுக்குத் தெரியும்."

அக்காவின் குரல் இன்று என்னிடம் இருப்பது அந்தப் பதிவுகளில் மட்டுமே. தமக்கு வலிக்கிறது என்று ஒன்றிலும் சொல்லவில்லை. ஒவ்வொன்றின் முடிவிலும் "நாமக்காரன் பசியாறிட்டானா?" என்ற கேள்வி இருக்கும். நான் "பசியாறிட்டான்கா" என்று பதில் அனுப்புவேன். ஒரு நாள் காலையில் நான் அனுப்பிய பதிலை அவர் கேட்கவே இல்லை. சற்று நேரத்தில் வார்டிலிருந்து அழைப்பு வந்தது.

அக்காவின் இறுதிச் சடங்குக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள். அந்த வீட்டு வாசலில் அத்தனை செருப்புகளை நான் பார்த்தது அதுவே முதல் முறை.

நாமக்காரன் அதன் பிறகு சரியாகத் தின்னவில்லை. மக்சிக் உட்கார்ந்து பார்த்தார். நான் உட்கார்ந்து பார்த்தேன். கால் வாளி இறங்கினால் அதிகம். டாக்டர் விசாரித்து, கோலா குபு பாரு மலையடிவாரத்தில் வயதான குதிரைகளைச் சேர்த்து வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்தில் அவனுக்கு இடம் பிடித்தார். அண்ணன் லோரி ஏற்பாடு செய்தார். நாங்கள் இருவருமே உடன் போனோம்.

அங்கே பொறுப்பாளர் நம்மவர், நடுத்தர வயதுக்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிந்தவர். குதிரையைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்டு என்னிடம் வந்தார். "இது இவ்ளோ நாளு என்னா சாப்ட்டுச்சி, எப்படி சாப்ட்டுச்சின்னு சொல்லுங்கக்கா. திடீர்னு மாத்துனா ஆவாது."

நான் கைப்பேசியை எடுத்து அக்காவின் பதிவை ஓடவிட்டு அவரிடம் நீட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

புல்வெளியில் தலை தொங்க நின்றிருந்த நாமக்காரன் காதுகளை நிமிர்த்தினான். எங்களை நோக்கி வந்தான். வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி, என்னையும் அண்ணனையும் தாண்டி, நிறுத்தியிருந்த லோரியையே பார்த்தான். "பசியாறிட்டானா?" என்ற கேள்வியோடு பதிவு முடிந்தது. அவன் மூக்கு விடைக்க ஒருமுறை கனைத்தான். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பொறுப்பாளர் உள்ளே போய், ஊறவைத்த லூசர்ன் வாளியோடு வந்தார். தரையில் ரப்பர் பாயை விரித்து வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து நாமக்காரன் தலையைத் தாழ்த்தினான்.

அக்காவுக்கு உதவிய ஒவ்வொருவரையும் இங்கே வணங்குகிறேன். அழைத்த போதெல்லாம் தொலைவு பாராமல் வந்த டாக்டருக்கும், சொந்தத் தங்கைபோல் கொட்டகையைக் காத்த மக்சிக்குக்கும், தரமான தீவனம் வந்தால் அக்காவுக்கென்று தனியே எடுத்து வைத்த கடைக்காரருக்கும், இறுதி நாள்களில் அவரைத் தாய்போல் கவனித்த தாதியருக்கும், லோரியோடு நின்று உதவிய நண்பர்களுக்கும், நாமக்காரனை ஏற்றுக்கொண்ட கோலா குபு பாரு அன்பருக்கும், வெயிலில் நின்று அக்காவைத் தோள் கொடுத்துத் தூக்கிய உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கா, போன ஞாயிற்றுக்கிழமையும் போயிருந்தேன். இப்போது இரண்டு கிழட்டுக் குதிரைகள் அவனோடு சேர்ந்தே நிற்கின்றன. மூன்றும் ஒரே பக்கம் பார்த்து மேய்கின்றன. நான் கூப்பிட்டேன், அவன் நிமிரவில்லை. தின்றுகொண்டிருந்தான்.